வாடகை ஜெனரேட்டர்ல வைண்டிங் எரிஞ்சுபோச்சு, ஒரு லட்சம் கேக்குறாக – கொடுக்கணுமா?

திருப்பாலைக்குடி வனாமி | இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். திருப்பாலைக்குடி பக்கம் ரெண்டு குட்டை குத்தகைக்கு எடுத்து வனாமி இறால் விட்டிருக்கேன். நானும் மச்சானும்தான் வேலை, ராக்காவலும் நாங்களேதான். மாசி பொறந்ததுல இருந்து லைன்ல கரண்டு அடிக்கடி போக, 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒண்ணு வாடகைக்கு எடுத்தேன். நாள் வாடகை 2,500, டீசல் நம்ம கணக்கு. முன்பணம் 20,000 ரொக்கமா கொடுத்தேன். அது போக, தொகை எழுதாம கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒண்ணும் வாங்கிக்கிட்டாக.

வந்த அன்னைக்கே வோல்டேஜ் ஒரு நிலையில நிக்கல. 415 காட்ட வேண்டிய மீட்டர் 380க்கு இறங்குது, கொஞ்ச நேரத்துல 450க்கு ஏறுது. வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். மறுநாள் அவுக ஆளு வந்தாரு. வோல்டேஜை ஒரே அளவுல நிறுத்துற ஏ.வி.ஆர். கார்டுல இருக்கிற திருகை லேசா திருப்பி வச்சாரு, "இனிமே நிக்கும்"னுட்டுப் போயிட்டாரு. கொஞ்ச நாள் ஒழுங்காத்தான் ஓடுச்சு. அப்புறம் ஒரு விடியக்காலம், குட்டைத் தண்ணிக்குக் காத்து கொடுக்குற ஏரேட்டர் எல்லாம் சுத்திக்கிட்டு இருக்கும்போதே கருகின வாடை. கரண்டு உண்டாக்குற ஆல்டர்னேட்டர் பக்கத்து ஜன்னல்ல புகை. மச்சான் ஓடிப்போய் நிறுத்திட்டான்.

விடியிற நேரம்தான் குட்டையில ஆக்சிஜன் ரொம்பக் குறைவா இருக்கும், இறால் போட்டவுகளுக்குத் தெரியும். கரையோரத்துல இறால் மேல வந்து மூஞ்சியைத் தூக்க ஆரம்பிச்சிருச்சு. பக்கத்துக் குட்டை அண்ணன் தன்னோட ஜெனரேட்டர் செட்ல இருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தாரு, அதனால தப்பிச்சோம். ஒரு குட்டையில மட்டும் கொஞ்சம் செத்து ஒதுங்குச்சு.

இப்ப ஓனர் ஒரு சீட்டு அனுப்பியிருக்காரு. வைண்டிங் (ஆல்டர்னேட்டர் உள்ள சுத்தியிருக்கிற காப்பர் கம்பி) 48,000. ஏ.வி.ஆர். 9,500. லாரி, ஏத்து இறக்குக் கூலி 6,000. "நிறுத்த வாடகை" 15 நாளைக்கு 37,500. மொத்தம் 1,01,000. முன்பணத்தைக் கழிச்சு 81,000 உடனே கட்டணுமாம். "ஓவர்லோடு போட்டு எரிச்சுட்டீக, கட்டலைன்னா செக்கை பேங்க்ல போட்டுருவேன்"னு போன்ல சொல்றாரு. மெஷினை அவுக யார்டுக்கே ஏத்திட்டுப் போயிட்டாக, இன்னும் பிரிக்கலையாம்.

ஓடுற மெஷின் என் இடத்துல நின்னுபோச்சுங்கிற ஒரே காரணத்துக்காக முழுச் செலவும் என் தலையில விழுமா? இந்தக் கரையில வாடகைக்கு எடுத்து அனுபவப்பட்டவுக சொல்லுங்க.


சாயல்குடி உப்பளம் | இரவு 8.31

ஒரு பைசா கொடுக்காதீக. ஓவர்லோடுன்னு சொன்னா அதை அவர்தானே நிரூபிக்கணும்? மெஷினை ஏன் கையை விட்டு அனுப்பினீக? முன்பணத்தையும் செக்கையும் வச்சாத்தான் மெஷின்னு சொல்லியிருக்கணும்.


தங்கச்சிமடம் பைபர் | இரவு 8.50

அண்ணே, எடுத்த எடுப்புல கொடுக்காதேன்னு சொல்றது சுலபம். எதனால எரிஞ்சதுன்னு தெரியாம ரெண்டு பக்கமும் பேச முடியாது.

நம்ம கதையைச் சொல்றேன். தடைக்காலம் முடிஞ்சு ஜூன்ல எல்லாரும் தொழிலுக்கு இறங்குற நேரம், என் என்ஜின் வேலைக்கு நின்னதால இன்னொண்ணு வாடகைக்கு எடுத்து பைபர் படகுல மாட்டினேன். பாம்பன் வடகடல்ல வலைக்கயிறு படகைத் தள்ளுற காத்தாடியில சுத்திருச்சு, சாப்ட் வளைஞ்சது. அது என் கையில நடந்தது, நான்தான் பொறுப்புன்னு அப்பவே ஒத்துக்கிட்டேன். ஆனா அவர் போட்ட கணக்குல புது சாப்ட், புது காத்தாடி, கியர்பாக்ஸ் முழுசும் புதுசு. கியர்பாக்ஸ்ல ஆயில் சீல் போயி உப்புத்தண்ணி ஏறி பேரிங் துருப்பிடிச்சுக் கிடந்தது. கயிறு சுத்தி ஒரே நாள்ல பேரிங் அப்படித் துருப்பிடிக்காது. சங்கத்துல வச்சுப் பேசினோம். சாப்ட்டுக்கு மட்டும் கொடுத்தேன், அதுவும் புதுசோட விலையில இல்ல. ஓடித் தேஞ்ச சாப்ட்டுக்கு என்ன மதிப்போ அது. பல வருஷம் ஓடின சாமானைக் கழட்டிட்டு நம்ம காசுல புதுசு மாட்டிக்கிட்டா, அந்தப் புதுசோட ஆயுசு முழுக்க அவருக்கு லாபம்தானே?

அதனால முதல்ல மெஷினைப் பிரிக்கும்போது நீங்க பக்கத்துல நிக்கணும். இன்னும் பிரிக்கலைங்கிறது உங்களுக்கு நல்லது. இன்னைக்கே எழுத்துல சொல்லிருங்க.


கீழக்கரை ஜென்செட் | இரவு 9.22

நான் இருபுறமும் பார்க்கிறவன். என்கிட்ட வாடகைக்கு விடுற செட்டு இருக்கு. கல்யாணம், ஏர்வாடி சந்தனக்கூடு, கோயில் கொடை, ஐஸ் ரூம் எல்லாத்துக்கும் போகுது. ஓனர்களைப் பத்தி இங்க ஒரே மாதிரி பேசாதீங்க, எங்க பக்க வேதனையும் இருக்கு.

செட்டு எடுக்கிறவங்கள்ல சிலபேர் என்ன செய்றாங்கன்னு சொல்றேன். லோடு கூடினா தானா விழுற எம்.சி.பி. பிரேக்கர் அடிக்கடி விழுதுன்னு அதைத் தாண்டி நேரா கம்பி கட்டிருவாங்க. கேன்ல வாங்கின டீசல்ல தண்ணி கிடக்கும், வடிகட்டாம ஊத்துவாங்க. ஆயில் மட்டம் பார்க்க மாட்டாங்க. சிங்கிள் பேஸ் லைட்டு, மோட்டார் எல்லாத்தையும் ஒரே பேஸ்ல தொங்கவிட்டுருவாங்க. செட்டு செத்ததும் "தானா நின்னுச்சு பாய்"னு ஒரே வார்த்தை. நாங்க கடன்ல வாங்கின செட்டு அது, தவணை நிக்காது.

அதே நேரம் நியாயத்தையும் சொல்லணும். வோல்டேஜ் ஏறி இறங்குதுன்னு வீடியோ வந்த அன்னைக்கே நானா இருந்தா செட்டை மாத்திக் கொடுத்திருப்பேன். ஏ.வி.ஆர். திருகைத் திருப்பி ஓட்டுறது வைத்தியமே இல்ல. அந்த வீடியோவையும் அதுக்கு வந்த பதிலையும் அழிச்சிராதீங்க.

திருப்பாலைக்குடித் தம்பி, என்னென்ன லோடு போட்டீங்க? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.


திருப்பாலைக்குடி வனாமி | இரவு 9.40

பாய், 2 ஹெச்.பி. ஏரேட்டர் எட்டு. எல்லாம் மூணு பேஸ். ஒண்ணு ஸ்டார்ட் ஆகி வேகம் பிடிச்ச பிறகுதான் அடுத்ததைப் போடுவோம். தண்ணி ஏத்துற மோட்டாருக்குத் தனி டீசல் என்ஜின் இருக்கு, செட்ல கொடுக்கல. கொட்டகையில ரெண்டு எல்.இ.டி. விளக்கு. எம்.சி.பி. அவுக மாட்டினது அப்படியே இருக்கு, ஒரு தடவை கூட விழல. ராத்திரி எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனைக்கு நிறுத்தினோம், ஆயில், தண்ணி பார்த்தது எல்லாம் தீவன நோட்டிலேயே மச்சான் எழுதி வச்சிருக்கான்.


உச்சிப்புளி வைண்டர் | இரவு 10.15

நான் வைண்டிங் கட்டுறவன். மோட்டார், ஆல்டர்னேட்டர் ரெண்டும் கட்டுவேன். இந்தக் கணக்கை எல்லாரும் போட்டுப் பார்க்கலாம்.

25 கே.வி.ஏ. செட்டு 0.8 பவர் பேக்டர்ல 20 கிலோவாட் தரும். 415 வோல்ட்ல ஒரு பேஸுக்குக் கிட்டத்தட்ட 35 ஆம்ப். 2 ஹெச்.பி. மோட்டார் ஒண்ணு முழு லோடுல மூணரை ஆம்ப் சுமாரா இழுக்கும். எட்டுக்கும் 28. விளக்கு கணக்குலயே வராது. அப்ப ஓடும்போது செட்டு எண்பது சதவீதத்துல நிக்குது. அந்த அளவுக்குத்தான் செட்டையே செஞ்சிருக்காங்க. ஸ்டார்ட் ஆகும்போது ஒரு மோட்டார் ஆறு மடங்கு வரைக்கும் இழுக்கும், அதாவது 21 ஆம்ப். எட்டையும் ஒரே நேரத்துல போட்டிருந்தா செட்டு மூச்சுத் திணறியிருக்கும், பிரேக்கர் விழுந்திருக்கும். ஒண்ணொண்ணா போட்டா கடைசி மோட்டார் ஸ்டார்ட் ஆகுற சில நொடிக்குத்தான் 45 கிட்ட போகும். அதை எந்த நல்ல ஆல்டர்னேட்டரும் தாங்கும். தம்பி சொன்னது உண்மைன்னா ஓவர்லோடுங்கிற பேச்சு நிக்காது.

ஆனா கணக்கு பாதிதான். மீதியை எரிஞ்ச வைண்டிங் சொல்லும். தொடர்ந்து ஓவர்லோடு ஓடியிருந்தா மூணு பேஸ் காயிலும் ஒரே மாதிரி கறுத்து வார்னிஷ் பொரிஞ்சிருக்கும். ஒரே பேஸ்ல லோடைக் கட்டியிருந்தா அந்தப் பேஸ் காயில் மட்டும் வரிசையா கறுத்திருக்கும், மத்தது சுத்தமா இருக்கும். உப்பும் ஈரமும் ஏறி இன்சுலேஷன் போயிருந்தா ஒரே இடத்துல வெட்டுப்பட்டு குழி விழுந்திருக்கும். சுத்தி காப்பர் பச்சை பூத்திருக்கும், தகட்டு அடுக்குல துரு இருக்கும், மத்த காயில் நல்லா இருக்கும்.

நம்ம கரையில எங்கிட்ட வர்றதுல இந்த மூணாவது வகை நிறைய. தேவிபட்டினத்துல இருந்து தொண்டி வரைக்கும் பாருங்க, செட்டு திறந்த வெளியில படுதா இல்லாம நிக்கும். பகல்ல கடல்காத்துல உப்புத்தூசி உள்ள போய் ஒட்டிக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். மாசிப் பனியில விடியக்காலம் வைண்டிங் மேல ஈரம் கோத்து நிக்கும். ஓடுற செட்டு சூட்டுல காஞ்சுக்கும். மாசக்கணக்குல சும்மா நின்ன செட்டை அப்படியே ஏத்தி அனுப்பினா, முதல் சில நாள்லயே வெட்டும்.

பிரிக்கிறப்ப மெக்கர் (இன்சுலேஷன் அளக்குற மீட்டர்) வைக்கச் சொல்லுங்க, 500 வோல்ட் மெக்கர். வைக்கும் முன்னாடி ஏ.வி.ஆர். ஒயரைக் கழட்டிரணும், இல்லைன்னா அதுவும் போயிரும், அதுக்கும் உங்க மேலயே பழி வரும். மூணு பேஸும் ஒண்ணா சேர்ற ஸ்டார் லிங்க்கைப் பிரிச்சுட்டு மூணு பேஸையும் தனித்தனியா பாடிக்கு வச்சுப் பார்க்கணும். எரியாத பேஸும் ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டினா, வைண்டிங் மொத்தமும் ஈரம் குடிச்சிருக்குன்னு அர்த்தம். லோடு போட்டதால அது வராது.

இன்னொண்ணு. 48,000 சீட்டுல பழைய காப்பர் எடைக்கு எவ்வளவு கழிச்சிருக்குன்னு கேளுங்க. எரிஞ்ச காப்பருக்கு நல்ல விலை இருக்கு. யாருமே அதைக் கேக்குறதில்ல.


தொண்டி வக்கீல் | மறுநாள் காலை 6.55

இரவே படித்தேன். சட்டப்படி எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்கிறேன். நடுவில் வந்த ரெண்டு தவறான யோசனைகளையும் திருத்த வேண்டியிருக்கிறது.

வாடகைக்குப் பொருள் கொடுப்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வருகிறது. அதில் 150-ஆம் பிரிவை ஒவ்வொரு வாடகைதாரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சும்மா இரவலாகக் கொடுத்த பொருளில் குறை இருந்தால், அந்தக் குறை தெரிந்தும் சொல்லாமல் விட்டால்தான் கொடுத்தவர் பொறுப்பு. வாடகை வாங்கிக்கொண்டு கொடுத்த பொருள் என்றால், குறை அவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், அதனால் எடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு. அதாவது வைண்டிங்கில் முன்பே குறை இருந்தது என்று தெரியவந்தால், நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்பதோடு, செத்த இறாலுக்கு நீங்களே கேட்கலாம்.

151, 152 பிரிவுகள் உங்கள் கடமையைச் சொல்கின்றன. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்திருந்தால், அதற்கு மேல் நடந்த சேதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

இப்போது திருத்தம். சாயல்குடி நண்பர் "அவர்தானே நிரூபிக்கணும்" என்றார். நடைமுறையில் அப்படி நம்பி உட்கார முடியாது. பொருள் உங்கள் கையில் இருக்கும்போது கெட்டால், தக்க கவனத்தோடு பார்த்துக்கொண்டேன் என்று காட்டும் சுமை பெரும்பாலும் உங்கள் மேல்தான் வரும். அதனால்தான் மச்சான் எழுதிய அந்தத் தீவன நோட்டு இந்த வழக்கில் பெரிய சாட்சி. பத்திரமாக வையுங்கள், இப்போது எதையும் சேர்த்து எழுதாதீர்கள்.

மெஷினைப் பிடித்து வைத்திருக்கலாம் என்பதும் சரியில்லை. வாடகைதாரருக்கு அந்த உரிமை இல்லை. காலம் முடிந்தும் திருப்பித் தராமல் வைத்திருந்தால், அதன்பின் வரும் சேதமும் உங்கள் பொறுப்பாகிவிடும் (பிரிவு 161). நீங்கள் அனுப்பியதே சரி.

ஒரு கேள்வி: எடுக்கும்போது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? 152-இல் "தனி ஒப்பந்தம் இல்லாதபோது" என்று ஒரு வாசகம் இருக்கிறது. "எல்லாச் சேதத்துக்கும் எடுத்தவரே பொறுப்பு" என்று எழுதிய தாளில் கையெழுத்து இருந்தால் பேச்சு கடினமாகும்.


திருப்பாலைக்குடி வனாமி | காலை 7.20

இல்ல சார், எடுக்கும்போது தாளே கிடையாது. மெஷினை ஏத்த வந்தப்பதான் அச்சடிச்ச சீட்டு ஒண்ணை நீட்டி, "செட் ஒப்படைத்த ரசீது, போடுங்க"ன்னாக. பின்பக்கம் பொடி எழுத்துல "சேதாரம் முழுவதும் வாடகைதாரர் பொறுப்பு"ன்னு இருந்துச்சு. போடல.


தொண்டி வக்கீல் | காலை 7.34

நல்லது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு நீட்டிய தாள், நடந்ததற்கு நிபந்தனை ஆகாது. கையெழுத்தும் இல்லாததால் அந்தக் கவலை தீர்ந்தது.


வாலிநோக்கம் அக்கா | காலை 9.05

உப்பளத்துல தண்ணி இறைக்க டீசல் பம்ப் எடுக்குறவுகளும் இதையெல்லாம் படிக்கணும். எங்க பக்கம் பம்பு பழுதான அன்னைக்கு வாடகையும் சேர்த்தே வாங்குவாக. ஓடாத நாளுக்கு எதுக்கு வாடகைன்னு கேட்டா அடுத்த தடவை பம்பு கிடைக்காது. பொம்பளைக சேந்து எடுத்தா இன்னும் எகத்தாளமாப் பேசுவாக. வக்கீல் தம்பி, அந்த "நிறுத்த வாடகை"யைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?


தொண்டி வக்கீல் | காலை 9.50

அக்கா, சரியான இடத்தில் கேட்டீர்கள். ஓடும் நிலையில் உள்ள பொருளுக்குத்தான் வாடகை. பொருளின் சொந்தக் குறையால் நின்ற நாளுக்கு வாடகை கேட்க நியாயமில்லை. எடுத்தவர் தவறால் நின்றது என்றே வைத்துக்கொண்டாலும், ஒப்பந்தச் சட்டம் 73, 74 பிரிவுகளின்படி நியாயமான நஷ்டம் மட்டும்தான் கேட்க முடியும். 15 நாள் எங்கிருந்து வந்தது? 25 கே.வி.ஏ. கட்டி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று உச்சிப்புளி அண்ணன் சொல்லட்டும். அந்த நாட்களில் அந்த செட்டுக்கு வேறு ஆர்டர் இருந்ததா என்பதையும் அவர் காட்ட வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள்.


உச்சிப்புளி வைண்டர் | காலை 10.10

காயில் உருவி, சுத்தி, வார்னிஷ்ல முக்கி, சூட்டுல உலர்த்தி எடுக்க நாலஞ்சு நாள் போதும். கடையில கூட்டம்னா ஒரு வாரம். 15 நாள் எல்லாம் இல்ல.


பாம்பன் கரை | காலை 10.42

எல்லாம் சரி, செக் விஷயம்தான் பயமா இருக்கு. அண்ணே, பேங்க்ல போய் "ஸ்டாப் பேமென்ட்" கொடுத்துட்டா முடிஞ்சதா? அவர் ஸ்டேஷன்ல புகார் கொடுப்பேன்னு மிரட்டினா?


தொண்டி வக்கீல் | காலை 11.30

முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பணம் தராதே என்று நிறுத்தி வைத்த காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்கு வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை மற்றவர் நிரப்பினாலும், கடனுக்காகவே கொடுத்தது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும் (139). அந்த அனுமானத்தை உடைக்கலாம். அதற்கு ஆதாரம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

ஆகவே இன்றே கடிதம் போடுங்கள். வாடகைக்கு எடுத்த தேதி, வோல்டேஜ் வீடியோ அனுப்பியது, அவருடைய ஆள் வந்து திருகைத் திருப்பியது, புகை வந்ததும் நிறுத்தியது, ஜாமீனாக வெற்றுக் காசோலை கொடுத்தது (எண்ணோடு), அவர் சொல்லும் தொகைக்கு நீங்கள் கடன்பட்டவர் அல்ல என்பது, இரு தரப்பும் இருக்கும்போது மெஷினைப் பிரிக்க வேண்டும் என்பது – இவ்வளவும் வரட்டும். கோபம் வேண்டாம். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். ஸ்டாப் பேமென்ட் கொடுப்பது அதன் பிறகு. காசோலை திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்தால் 15 நாளுக்குள் பதில் போயாக வேண்டும். அலட்சியம் செய்துவிட்டு என்னிடம் வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

போலீஸ் பற்றி: இது பணத் தகராறு, சிவில் விவகாரம். வசூல் செய்து தருவது காவல் நிலையத்தின் வேலை இல்லை. கூப்பிட்டால் போங்கள், மரியாதையாகக் கடித நகலைக் கொடுங்கள், அங்கே வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேச்சு முறிந்தால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஓனர் மதுரையில் இருந்தாலும் இங்கேயே. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து பார்ப்பதும் உண்டு. எதிர்த்தரப்பு "இது வியாபார நோக்கம், நுகர்வோரே அல்ல" என்று நிச்சயம் சொல்லும். ரெண்டு குட்டை, சொந்த உழைப்பு, வயிற்றுப்பாடு என்பதைக் குத்தகைத் தாளோடு காட்டத் தயாராக இருங்கள். அங்கே கதவு அடைபட்டால் முன்சீப் நீதிமன்றம் உண்டு. அதற்கு முன்பாக லோக் அதாலத்தில் வழக்குப் போடாமலே பேசித் தீர்க்கலாம். அங்கே இருவரும் ஒப்புக்கொண்டால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.


சாயல்குடி உப்பளம் | பகல் 12.15

சார், நேத்து நான் அவசரத்துல எழுதினது. மெஷினைப் பிடிச்சு வைக்கச் சொன்னதை எல்லாரும் விட்டுருங்க, வக்கீல் சொல்றபடி போங்க. ஆனா ஒண்ணு. ஊருக்குள்ள இவ்வளவு பேர் மிரட்டலுக்குப் பயந்து கட்டிட்டுப் போறதாலதான் இந்தச் சீட்டு எழுதுற தைரியமே வருது. தம்பி கடைசி வரைக்கும் நிக்கணும்.


திருப்பாலைக்குடி வனாமி | நான்கு நாள் கழித்து, மாலை 6.20

கடிதம் போய்ச் சேர்ந்த அன்னைக்கே ஓனர் போன் பண்ணினாரு. குரலே மாறியிருந்துச்சு. "வாங்க, உங்க முன்னாடியே பிரிக்கிறேன்"னாரு. இன்னைக்குப் போனோம். நான், மச்சான், எங்க ஊர் எலெக்ட்ரீஷியன் அண்ணன். அவுக பக்கம் ஓனரும், திருகைத் திருப்பின அதே மெக்கானிக்கும்.

செட்டு யார்டுல வெட்டவெளியில நின்னுச்சு, மேல படுதா இல்ல. ஆல்டர்னேட்டர் பின்மூடி போல்ட்டுல ஒண்ணு துருப்பிடிச்சு ஸ்பேனருக்கே அசையல, எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழட்டினாக. மூடியைத் தூக்கினதும் உள்பக்கம் வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தது, விரலால தொட்டா ஒட்டுது. காயில் தலைப்புல ஒரே ஒரு இடத்துல தீப்பெட்டி அகலத்துக்கு வெந்து குழி விழுந்திருக்கு. அதைச் சுத்திப் பச்சையாப் பொடி. அதுக்கு அடுத்த காயில்ல வார்னிஷ் மஞ்ச நிறம் மாறாம அப்படியே இருக்கு. உச்சிப்புளி அண்ணன் எழுதினதைப் படிச்சுட்டுப் போனதால எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு.

மெக்கர் வைக்கும் முன்னாடி ஏ.வி.ஆர். ஒயரைக் கழட்டச் சொன்னோம். எரிஞ்ச பேஸ் பூஜ்யம். எரியாத ரெண்டு பேஸும் அரை மெகா ஓமைத் தாண்டல. எலெக்ட்ரீஷியன் அண்ணன் மெக்கர் முள்ளைப் படம் பிடிச்சாரு, ஓனர் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அந்த மெக்கானிக்தான் முதல்ல வாயைத் திறந்தாரு: "முதலாளி, இது லோடுல போனது இல்ல. மழைக்காலத்துல இருந்து நின்ன செட்டு." அவர் அங்க வேலை செய்யிற ஆளு. அதைச் சொல்றதுக்கு மனசு வேணும். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.


கீழக்கரை ஜென்செட் | மாலை 7.02

அந்த மெக்கானிக் தம்பிக்கு என் சலாம்.

ஓனர் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை, அவர் இதைப் படிப்பாரோ என்னவோ. நின்ன செட்டை அனுப்புறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து காத்து அடிச்சு, மெக்கர் வச்சு, குறைஞ்சா சூடு காட்டி உலர்த்தி அனுப்பினா ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமலேயே 48,000 போச்சு. அனுப்பும்போது மெக்கர் அளவு, ஹவர் மீட்டர் அளவு ரெண்டையும் படம் எடுத்து எடுக்கிறவருக்கே அனுப்பிருவேன். தகராறு வந்தா அது என்னையும் காக்கும், அவரையும் காக்கும்.

தம்பி, கணக்கு என்ன ஆச்சு?


திருப்பாலைக்குடி வனாமி | மாலை 7.30

வைண்டிங், ஏ.வி.ஆர்., நிறுத்த வாடகை மூணையும் விட்டுட்டாரு பாய். ஓடின நாளுக்கு வாடகை நான் கொடுக்கணும், அது நியாயம். லாரிக் கூலி 6,000-ல பாதியாவது கொடுங்கன்னு கேக்குறாரு. செத்த இறாலுக்கு நான் கேட்டேன், அதுக்குக் கையை விரிச்சுட்டாரு. லாரிக் கூலியையும் இறாலையும் ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சுக்கலாம்னு எனக்குத் தோணுது. ஓடின வாடகை போக மிச்ச முன்பணம் நாளைக்குத் தர்றேன்னாரு. மச்சானுக்கு இது பிடிக்கல, இறாலுக்குக் காசு வாங்காம விடக்கூடாதுங்கிறான்.


தங்கச்சிமடம் பைபர் | மாலை 7.48

மச்சான் பேச்சுல ஞாயம் இருக்கு. ஆனா செத்தது எவ்வளவுன்னு எடை போட்டீகளா, படம் எடுத்தீகளா? இல்லைன்னா அதை நிரூபிக்க அலையணும். அறுவடை வேற நெருங்குது. கழிச்சுக்கிட்டு வேலையைப் பாருங்க, இது என் எண்ணம்.


தொண்டி வக்கீல் | இரவு 8.15

இறாலுக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, விட்டுக்கொடுப்பதும் உங்கள் உரிமை. எதை முடிவு செய்தாலும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு தாளில் எழுதி இருவரும், சாட்சி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். மெக்கர் அளவும் அதில் வரட்டும். காசோலை எண்ணைக் குறிப்பிட்டு "திரும்பப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுங்கள். "இந்த செட் சம்பந்தமாக ஒருவருக்கொருவர் இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரி கண்டிப்பாக வேண்டும். காசோலை கைக்கு வந்த பிறகே கையெழுத்து.


திருப்பாலைக்குடி வனாமி | மறுநாள் பகல் 1.05

முடிஞ்சது. நீங்க சொன்ன வரியை அப்படியே சேர்த்தோம். எலெக்ட்ரீஷியன் அண்ணனும் அந்த மெக்கானிக்கும் சாட்சி. செக் என் கையில இருக்கு. மிச்ச முன்பணத்தை ஜிபேயில போட்டுட்டாரு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சாச்சு. மச்சான் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கான்.

வேற செட்டு பார்க்கணும். கீழக்கரை பாய், உங்ககிட்ட 25 கே.வி.ஏ. இப்ப காலியா இருக்கா? தனியா மெசேஜ் போட்டிருக்கேன். மெக்கர் படத்தோட அனுப்புங்க.